தலையணை எண்ணிக்கை: பூஜ்யம்

சென்ற மாதம் நித்யா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் இருபத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்த டயாலிசிஸ் பிரிவில் இப்போது அவள்தான் மூத்த டெக்னீசியன். நான் முழங்கால் தேய்ந்துபோய், ஐம்பத்தாறாவது வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவள்.

“அக்கா, எல்லாத்தையும் டேப்லெட்ல ஏத்தச் சொல்லிட்டாங்க. தண்ணி ஜாஸ்தியா ஏத்திக்கினு வர்ற பேஷண்டுக்கு ஒரு காரணம் தட்டணும். லிஸ்டுல ‘அறிவுரையைப் பின்பற்றவில்லை’ன்னு ஒண்ணு இருக்குது. நான் எல்லாருக்கும் அதையே தட்டிக்கினு போறேன். சரிதானக்கா?”

“வேற என்ன காரணமெல்லாம் குடுத்திருக்காங்க?”

“மெஷின் கோளாறு, ஊசி போட்ட எடத்துல பிரச்சன, இப்படி. அதத் தட்டுனா கூட நாலு கேள்வி கேக்குது. பேஜாரு. இதத் தட்டுனா ஒடனே அடுத்த பக்கம் போயிடுதுக்கா.”

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பிறகு அலமாரியிலிருந்து என் நாட்குறிப்புகளை இறக்கினேன். நித்யா விரலால் தட்டும் அதே வரியை நான் என் கையால், நல்ல கையெழுத்தில், எத்தனையோ கேஸ் ஷீட்டுகளில் எழுதியிருக்கிறேன். அப்படி எழுதிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு காலை, எங்கள் பிரிவில் ஒரு பெண் எங்கள் கண் முன்னால் மூச்சு முட்டிச் சாகக் கிடந்தாள். அவளுடைய கேஸ் ஷீட்டில் எடைக் கணக்கு முழுக்கச் சரியாக இருந்தது. நித்யாவுக்குச் சொல்லவேண்டிய பதில் அந்தக் காலையில்தான் இருக்கிறது. அதனால் அதை எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விழுப்புரத்தில் பன்னிரண்டாவது, சென்னையில் டிப்ளமா, அங்கேயே ஒரு பெரிய மருத்துவமனையில் நான்கு வருடம். திருமணம் ஆனதும் திரும்பி வந்தேன். திண்டிவனத்துக்குத் தெற்கே நெடுஞ்சாலையை ஒட்டி ஓர் அறக்கட்டளை நடத்திய சிறிய மருத்துவமனையில் வேலை கிடைத்தது. எட்டு இயந்திரங்கள். காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்களுக்கு இலவசம். மற்றவர்கள் பணம் கட்டுவார்கள். இரு சாராருக்கும் ஒரே அறை, ஒரே இயந்திரம், ஒரே ஊசி, ஒரே நான். இதில் எனக்குப் பெருமை இருந்தது. எங்களிடம் ஏழை பணக்காரர் வித்தியாசம் கிடையாது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம். சிறுநீரகம் செத்துப்போனவருக்குச் சிறுநீர் வராது. குடித்ததெல்லாம் உடம்பிலேயே தங்கும். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை நான்கு மணி நேரம் இயந்திரத்தில் போட்டு, ரத்தத்தைச் சுத்தம் செய்து, தேங்கிய தண்ணீரையும் எடுக்க வேண்டும். எவ்வளவு எடுப்பது என்பதற்கு எடைதான் கணக்கு. மிகுதித் தண்ணீர் இல்லாமல் ஒருவர் இருக்கவேண்டிய எடையை டாக்டர் குறித்துக் கொடுப்பார். அதற்கு டிரை வெயிட் என்று பெயர். ஒருவருக்கு டிரை வெயிட் நாற்பத்தாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று நாற்பத்தொன்பது இருந்தால் மூன்று லிட்டர் எடுக்கவேண்டும். நாற்பத்தாறுக்குக் கீழே போனால் ரத்த அழுத்தம் சரிந்து ஆளே போய்விடலாம். ஆகவே அந்த எண் எங்களுக்கு லட்சுமணன் கோடு மாதிரி.

எடை பார்ப்பதில் எனக்கு ஒரு முறை உண்டு. செருப்பு, பை, கைப்பேசி, இடுப்பில் செருகிய சுருக்குப்பை எல்லாவற்றையும் இறக்கிவைக்கச் சொல்லுவேன். எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருப்பேன். இரண்டு முறை வாசித்துவிட்டுத்தான் எழுதுவேன். பிறகு கணுக்காலில் கட்டை விரலை அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்ப்பேன். கடைசியாகப் படிவத்தில் உள்ள கேள்விகள். அதில் ஒன்று, “எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறீர்கள்?” நுரையீரலில் தண்ணீர் சேர்ந்தவரால் மல்லாந்து படுக்க முடியாது. தலையை உயர்த்தி உயர்த்தி வைப்பார். ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றானால் நாங்கள் உஷாராகிவிட வேண்டும்.

எங்கள் பிரிவின் பொறுப்பு செலின் சிஸ்டருடையது. உயரமானவர், நடக்கும்போது சாவிக்கொத்து சத்தம் போடும். ஒரு துளி ரத்தம் தரையில் இருந்தால் துடைத்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. நோயாளிகள் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் அவருக்குப் பொறுக்காது. அதற்காக ஒரு பலகை வைத்திருந்தார். இரண்டு அமர்வுகளுக்கு நடுவில் யாருக்கு எவ்வளவு எடை ஏறியது என்று அதில் எழுதவேண்டும். குறைவாக ஏறியவர் மேலே, அதிகமாக ஏறியவர் கீழே. எழுதுவது என் வேலை. என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

எடை மேடையில் ஆள் ஏறியதும் சிஸ்டர் எண்ணை உரக்கச் சொல்லுவார்.

“நாலு கிலோ! பனமல ஏரி வத்திப்போச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்தான். நீதானா அது?”

அறை முழுக்கச் சிரிக்கும். மேடையில் நிற்பவரும் சிரிப்பார். வேறு என்ன செய்வார்?

சிஸ்டரைக் கொடுமைக்காரி என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. பிரிவு தொடங்கிய வருடம் ஓர் இளைஞன் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ஐந்தரை கிலோ ஏற்றிக்கொண்டு வந்து, ஊசி குத்துவதற்குள் அவர் மடியிலேயே போய்விட்டான். “நான் திட்டுனா அழுவாங்க. திட்டலன்னா அவங்க ஊட்ல அழுவாங்க” என்பார். நானும் அதை நம்பினேன்.

பலகையில் எப்போதும் முதலிடம் ராமலிங்கம் சாருக்கு. திண்டிவனத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலேயே எடைக் கருவி வைத்திருந்தார். அளவு போட்ட பாட்டிலில்தான் தண்ணீர். பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பி உப்பு எவ்வளவு என்று படித்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். எங்கள் சிறுநீரக டாக்டர் புதுச்சேரியிலிருந்து புதன், சனி இரண்டு நாள் மாலை மூன்று மணிக்கு வருவார். சாருக்குக் காலை அமர்வு பதினொன்றே முக்காலுக்கு முடிந்துவிடும். ஆனாலும் கொண்டுவந்த மோர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, செய்தித்தாள் படித்துக்கொண்டு, மூன்று மணிவரை உட்கார்ந்திருப்பார். டாக்டரிடம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்த கேள்விகளைக் கேட்பார். அதற்குப் பிறகு மகன் காரில் வந்து அழைத்துப்போவான்.

பலகையின் அடியில் இருந்தவர்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். முதலில் செல்வராசு. லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்று சொல்லியிருந்தோம். நான்கு கிலோவுக்குக் குறைந்து வந்ததே இல்லை.

“எத்தினி தண்ணி குடிச்சீங்க? உண்மையச் சொல்லுங்க” என்று ஒருநாள் கேட்டேன். நோயாளிகளுக்கு நானும் சிஸ்டர்தான்.

“எம்புள்ள மேல சத்தியமா அர லிட்டருதான் சிஸ்டரு.”

“அப்ப இந்த நாலு கிலோ எங்கிருந்து வந்தது?”

“அதான் எனக்கும் புரியல. காலைல ரெண்டு சொம்பு கேப்பக் கூழு. அத உட்டா மத்தியானம் ஒரு சொம்பு. அவ்ளோதான் நான் துன்றதே.”

“கூழு தண்ணியில்லையா?”

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். “கூழு சாப்பாடுங்க. அதப் போயி தண்ணின்றீங்களே.”

இதை அன்றிரவு நகைச்சுவையாக நாட்குறிப்பில் எழுதிவைத்தேன். கூழில் முக்கால்வாசி தண்ணீர் என்று அவருக்கு ஒருமுறை சொன்னேன். ஆனால் கூழை நிறுத்தினால் மூட்டை தூக்குகிறவர் என்ன சாப்பிடுவார் என்று நான் யோசிக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அடுத்த வருடம் பங்குனியில் ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. மகன் வந்து அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். கேஸ் ஷீட்டின் கடைசி வரி என்னுடையது: “அறிவுரையைப் பின்பற்றவில்லை.”

இரண்டாவது ஆள் அஞ்சலை. பனமலைப் பக்கம் ஒரு கிராமம். நாற்பது வயது இருக்கும். நடவு, களையெடுப்பு, மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்குவது என்று கூலி வேலை செய்தவள். கணவன் செங்கல் சூளையில். புதன், சனி காலை அமர்வுக்கு விடிவதற்குள் பஸ் பிடித்து, விழுப்புரம் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் ஏறி ஏழே கால் மணிக்கு வந்துவிடுவாள். பதினொன்றே முக்காலுக்கு ஊசியைப் பிடுங்கினால் பன்னிரண்டு பத்து பஸ்ஸுக்கு ஓடுவாள். அதை விட்டால் அவள் ஊருக்குப் போகிற பஸ் சாயங்காலம்தான். ஆகவே டாக்டர் வரும் மூன்று மணிக்கு அவள் பெரும்பாலும் அங்கே இருந்ததில்லை. அவளை டாக்டர் நேரில் பார்த்தது சேர்ந்த அன்றும், பிறகு ஒரே ஒரு முறையும். கேஸ் ஷீட்டை மட்டும் நாங்கள் வைப்போம். அதில் எண்கள் ஒழுங்காக இருக்கும். அவர் கையெழுத்துப் போடுவார்.

ஏரி வற்றிய பேச்சு அவளுக்குத்தான் சொன்னது. அன்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு சில வாரங்களில் அவளுக்கு ஏறுகிற எடை குறையத் தொடங்கியது. நான்கு கிலோ மூன்றரையானது. மூன்றரை இரண்டேகாலானது. பலகையில் அவள் பெயர் ஒவ்வொரு படியாக மேலே ஏறியது. ஏப்ரல் கடைசியில் என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: “அஞ்சலை 47.4. நல்ல முன்னேற்றம். சிஸ்டரின் முறை பலித்துவிட்டது.”

மே மாதம் ஒரு சனிக்கிழமை. ஏழு இருபதுக்கு அஞ்சலை வந்தாள். வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தாள். எடை 47.1. டிரை வெயிட் 46. ஏறியது ஒரு கிலோவும் நூறு கிராமும்தான்.

“கைதட்டுங்கப்பா!” என்றார் செலின் சிஸ்டர். “இன்னிக்கு ஹெட்மாஸ்டரையே தூக்கிச் சாப்ட்டுட்டா நம்ம அஞ்சல.”

எல்லாரும் தட்டினார்கள். பக்கத்துப் படுக்கையிலிருந்து ராமலிங்கம் சாரும் தட்டினார். அஞ்சலை சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது.

ரத்த அழுத்தம் 190/110. கணுக்காலில் குழி விழுந்தது. ஆனால் அவளுக்கு எப்போதும் கொஞ்சம் விழும். படிவத்தை எடுத்தேன்.

“எத்தன தலகாணி?”

“தலகாணியா? இல்ல சிஸ்டரு.”

தலையணை எண்ணிக்கை: பூஜ்யம். அதைவிட ஆரோக்கியமான விடை அந்தக் கட்டத்தில் கிடையாது. முந்தைய அமர்விலும் பூஜ்யம், அதற்கு முந்தைய அமர்விலும் பூஜ்யம்.

ஏழே முக்காலுக்கு இயந்திரத்தில் போட்டேன். எடுக்கவேண்டியது 1.1 லிட்டர் என்று அமைத்தேன். படுக்கச் சொன்னேன். படுத்தவள் உடனே எழுந்து உட்கார்ந்தாள்.

“ஊசி போட்ட கையோட எழுந்திருக்கக் கூடாது அஞ்சல.”

“மூச்சு அடைக்குது சிஸ்டரு. ஒக்காந்துக்கறேனே.”

“பயம். கூட்டத்துல பஸ்ல நின்னுக்கினே வந்திருப்பா” என்றார் செலின் சிஸ்டர். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திவிட்டு, ஆக்சிஜன் வைத்தோம்.

எட்டு நாற்பதுக்கு அவள் உதடு நிறம் மாறியிருந்தது. மூச்சு கொதிக்கிற பானை மாதிரி சத்தம் போட்டது. முந்தானையில் துப்பினாள். இளஞ்சிவப்பு நுரை. அந்த நுரை எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். நுரையீரல் தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு கிலோ ஏறியவளுக்கு அந்த நுரை வரவே கூடாது.

செலின் சிஸ்டர் பணி மருத்துவரைக் கூப்பிட ஆள் அனுப்பினார். அவர் அறுவை அரங்கில் இருந்தார், பாதியில் வர முடியாது. புதுச்சேரி டாக்டரின் கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. “இருக்கற ஒண்ணு புள்ளி ஒண்ண ஜல்தியா எடுத்துடு” என்றார். வேகத்தைக் கூட்டினேன். அந்த உடம்புக்கு அது அபாயமான வேகம்தான்.

ஒன்பது இருபதுக்கு இயந்திரம் மணி அடித்தது. 1.1 லிட்டர் முடிந்தது. கணக்குப்படி அவள் நாற்பத்தாறு கிலோவில் இருந்தாள். அழுத்தம் 200/110. இம்மியும் இறங்கவில்லை. கண்கள் வெளியே வந்துவிடுவதுபோல் இருந்தன. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து குனிந்து மூச்சை இழுத்தாள்.

“இன்னும் எடுக்கணும் சிஸ்டர்” என்றேன்.

“எங்கிருந்து எடுப்ப? டிரை வெயிட்டுக்கு வந்துட்டா. ஒரு மில்லி கீழ போகாத.”

“எடுக்கலன்னா போயிடுவா.”

“எடுத்தாலும் போயிடுவா. அப்பறம் யார் பதில் சொல்றது? டாக்டர் கையெழுத்துப் போட்ட நம்பர் அது, வசந்தா. நீயும் நானும் மாத்தறதுக்கில்ல.”

அவர் சொன்னது விதிப்படி சரி. என் விரல் இயந்திரத்தின் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தவில்லை.

அப்போது ராமலிங்கம் சார் பேசினார். படுத்தபடியே, வகுப்பில் கேள்வி கேட்கிற தொனியில்.

“சிஸ்டர், குறுக்க பேசறேன்னு நினைக்காதீங்க. அந்தம்மாவுக்கு டிரை வெயிட் கடைசியா எப்ப பார்த்தது? எனக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை டாக்டர் மாத்தறாரே. போன தடவ பெல்ட் ஒரு ஓட்டை உள்ள போகுதுன்னு நான்தான் சொன்னேன். ஒன்றரை கிலோ குறைச்சாரு.”

கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். நாற்பத்தாறு என்று எழுதிய பக்கத்தின் தேதியைப் பார்த்தேன். பதினான்கு மாதம் பழையது.

அஞ்சலையிடம் திரும்பினேன். அப்போதுதான் அவளைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் பார்த்ததெல்லாம் அவள் காலடியில் இருந்த எண்களை. ரவிக்கையின் பக்கவாட்டில், கைக்கு அடியில், மூன்று ஊக்குகள் வரிசையாகக் குத்தியிருந்தன. துணியை மடித்து மடித்துப் பிடித்திருந்தாள். தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

“இது எப்பத்திலிருந்து அஞ்சல?”

“தொள... தொளன்னு... ஆயிடுச்சி.” ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு. “ரெண்டு மாசமா.”

“சாப்பிடறியா இல்லையா?”

“ஒரு வேளதான்... வர்ற நாளுக்கு மொத நாளு... துன்றதில்ல.”

“ஏன்?”

அவள் என்னைப் பார்த்தாள். “நீங்கதான... வெய்ட்டு ஏறக்கூடாதுன்னீங்க.”

சிஸ்டரின் சாவிக்கொத்துச் சத்தம் நின்றுவிட்டது.

“ராத்திரி எப்படித் தூங்கற? தலகாணி இல்லன்னியே.”

“எங்க ஊட்ல... தலகாணியே இல்ல சிஸ்டரு. பாய்தான். படுத்தா அடைக்குது... செவுத்துல சாஞ்சி ஒக்காந்துக்கினேதான்... தூங்குறேன். பத்து நாளா.”

எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. கிலோ என்றால் தண்ணீர் என்று அவளுக்குப் புரிகிற மாதிரி யாரும் சொல்லவில்லை. எடை ஏறினால் திட்டு விழுகிறது, எடை ஏறுவது சோற்றால்தான் என்று நினைத்தாள். தண்ணீரைக் குறைக்காமல் சோற்றைக் குறைத்தாள். சதை கரைந்தது. கரைந்த சதையின் இடத்தில் தண்ணீர் நின்றது. எடை மேடைக்குச் சதையும் தண்ணீரும் ஒன்றுதான். அவளுடைய உண்மையான டிரை வெயிட் நாற்பத்தாறு அல்ல. நாற்பத்திரண்டோ, அதற்கும் கீழோ. அவள் ஒரு கிலோ ஏற்றிக்கொண்டு வந்ததாக நாங்கள் கைதட்டியபோது அவள் உள்ளே ஐந்து லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் இருந்தது.

செலின் சிஸ்டர் கட்டிலருகே வந்தார். அஞ்சலையின் மேல்கையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். தோல் மட்டும் வந்தது. கேஸ் ஷீட்டை என் கையிலிருந்து வாங்கி, ‘டிரை வெயிட்டுக்குக் கீழ் தண்ணீர் எடுக்கப்படுகிறது’ என்று எழுதி, தன் பெயரைப் போட்டு, மணி 9.28 என்று குறித்தார்.

“என் பொறுப்பு. எடு.”

அதன் பிறகு நடந்ததை நிமிடக் கணக்கில் எழுதிவைத்திருக்கிறேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தம். பட்டையைச் சுற்றிக் காற்றடிப்பது சிஸ்டர், எழுதுவது நான். ஒன்பது ஐம்பதில் 180. பத்து பத்தில் 170. பத்தரைக்கு 150. மூச்சின் கொதிப்புச் சத்தம் குறைந்தது. உதட்டில் பழைய நிறம் திரும்பியது. அறையில் மற்ற ஏழு பேரும் தூங்குவதாகப் பாவனை செய்துகொண்டு விழித்திருந்தார்கள்.

பதினொன்று ஐந்துக்கு அஞ்சலை அலறினாள். கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. அழுத்தம் நூறுக்கு வந்தது, அடுத்த அளவில் எண்பத்தெட்டு. நான் பயந்த கோடு இதுதான். தண்ணீர் எடுப்பதை நிறுத்தினேன். கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தினேன். கொஞ்சம் சலைன் விட்டேன். சிஸ்டர் அவள் பாதத்தைத் தன் வயிற்றில் முட்டுக்கொடுத்து, கெண்டைக்காலை நீவிக்கொண்டே இருந்தார். “கண்ண மூடாத அஞ்சல. என்னப் பாரு. எம்மூஞ்சியப் பாரு. திட்ட மாட்டேன், பாரு.”

தொண்ணூறு. தொண்ணூற்றாறு. நூற்றுப் பத்து. அங்கேயே நின்றது.

பதினொன்று இருபதுக்கு டாக்டர் கைப்பேசியில் வந்தார். சொன்னேன். ஊக்குகளைப் பற்றியும் சொன்னேன். “போதும், இன்னைக்கு இதோட நிறுத்துங்க. நாளைக்கு மறுபடி போடலாம். நான் சீக்கிரம் வர்றேன்” என்றார். மொத்தம் எடுத்தது 2.7 லிட்டர்.

மறுநாளும் அடுத்த வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, கடைசியில் அவளுடைய டிரை வெயிட் 41.8 என்று டாக்டர் எழுதினார். அவள் பிழைத்தாள். நான் ஓய்வு பெற்ற நாளிலும் புதன், சனி வந்துகொண்டிருந்தாள்.

நித்யா, உனக்குச் சொல்லவேண்டியது இவ்வளவுதான். ஒரே இயந்திரம், ஒரே ஊசி, ஆகவே எல்லாரும் சமம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது தப்பு. ராமலிங்கம் சாருக்கு மூன்று மணிவரை காத்திருக்க முடிந்தது, கார் இருந்தது. அஞ்சலைக்குப் பன்னிரண்டு பத்து பஸ் இருந்தது. அவருக்குப் பெல்ட் தளர்ந்தால் அதை டாக்டரிடம் சொல்லவேண்டும் என்று தெரியும். அவளுக்கு ரவிக்கை தளர்ந்தால் ஊக்கு குத்தத் தெரியும். படிவத்தை எழுதியவர் தலையணை இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவில்லை. எட்டு இயந்திரம் உள்ள ஓர் அறையை வைத்துக்கொண்டு உலகத்துக்குப் பொதுவாக நான் எதுவும் சொல்லிவிட முடியாது. ஆனால் என் நாட்குறிப்புகளில் நீண்ட நாள் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் கேள்வி கேட்டவர்கள். கேட்காதவர்கள் பெரும்பாலும் வீட்டில் பத்திரம் படிக்க ஆள் இல்லாதவர்கள், ஒருநாள் கூலி போனால் அடுப்பு எரியாதவர்கள். அஞ்சலை அறிவுரையைப் பின்பற்றினாள். நாங்கள் சொன்னதை அவளைப்போல் கடுமையாகப் பின்பற்றியவர் அந்த அறையில் யாருமில்லை. நீ அந்தக் காரணத்தைத் தட்டுவதற்கு முன்னால் “ராத்திரி எப்படித் தூங்கினீங்க, நேத்து என்ன சாப்பிட்டீங்க” என்று கேள். கூட நாலு கேள்வி வந்தால் வரட்டும்.

அந்தச் சனிக்கிழமை இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

பன்னிரண்டு பத்து பஸ் போய்விட்டது. அஞ்சலையை மெல்ல நடத்தி எடை மேடைக்குக் கூட்டிவந்தேன். 44.4. அவள் பழக்கத்தில் சிஸ்டரின் முகத்தைப் பார்த்தாள். சிஸ்டர் எண்ணை உரக்கச் சொல்லவில்லை. ஸ்டோர் ரூமுக்குப் போய் உடைக்காத ஒரு லிட்டர் சலைன் பாட்டிலை எடுத்துவந்தார்.

“எறங்கு. இங்க பாரு.”

பாட்டிலை மேடைமேல் நிற்கவைத்தார். 1.0 என்று காட்டியது.

“இதுல எத்தினி சோறு இருக்குது?”

“சோறா? தண்ணிதான இருக்குது.”

“எத்தினி கிலோ காட்டுது?”

அஞ்சலைக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. ஆனால் ரேஷன் கடையில் அரிசி வாங்குகிறவளுக்கு ஒன்று என்ற எண் தெரியும். “ஒரு கிலோ.”

“நான் உன்னத் திட்டுனது இந்தக் கிலோவுக்கு. ஒஞ்சதைக்கு இல்ல.”

அஞ்சலை பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தி, தப்பாகக் கேட்டுவிடுவோமோ என்பதுபோல் கேட்டாள்.

“அப்ப சோறு துன்னலாமா சிஸ்டரு?”

செலின் சிஸ்டர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வேகமாக வெளியே போனார். பத்து நிமிடத்தில் எதிர்க்கடையிலிருந்து ஒரு பொட்டலத்தோடு திரும்பி வந்தார். நான்கு இட்லி, கெட்டிச் சட்டினி. சாம்பார் வேண்டாம் என்று சொல்லி வாங்கியிருந்தார். பெஞ்சில் உட்காரவைத்து, இலையைப் பிரித்து, எதிரே இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டார்.

முதல் இட்லியை அஞ்சலை நான்கே வாயில் விழுங்கினாள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை மெதுவாகச் சாப்பிட்டாள். நான்காவதில் கைவைத்தவள் நிறுத்தி, தலையைத் திருப்பி எடை மேடையைப் பார்த்தாள்.

“அதையும் துன்னு” என்றார் சிஸ்டர்.